ஒரு பெயரும் ஒரு பழியும்: அல்சேஷன் நாயின் வரலாறு

மனிதனோடு மிக நெருங்கிப் பழகிய விலங்கு நாய். நன்றிக்கு உவமையாக அதனைக் காட்டும் நாமே, வசைச்சொல்லாகவும் அதன் பெயரை வழங்குகிறோம். ஓர் உயிருக்கு இரு முகங்களைத் தந்துவிடும் வல்லமை மொழிக்கு உண்டு. நம் நாட்டில் அல்சேஷன் என்று அறியப்பட்ட ஜெர்மானிய மேய்ப்பு நாய்க்கு ஒரு பெயரால் நேர்ந்த பழியையும், அது மெல்ல விலகிய விதத்தையும் எண்ணிப் பார்ப்பது, சொல்லோடு வாழ்கின்ற நமக்குப் பயன்தரும்.

1899ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த நாய்க் கண்காட்சி ஒன்றில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்னும் குதிரைப்படை அதிகாரி ஒரு மேய்ப்பு நாயை விலைக்கு வாங்கினார். அதற்கு ஹோராண்ட் எனப் பெயரிட்டு, அவ்வாண்டே தொடங்கிய சங்கத்தின் இனப்பதிவேட்டில் முதல் நாயாகப் பதிந்தார். துரிஞ்சியா, வுர்ட்டெம்பெர்க் முதலிய பகுதிகளில் ஆட்டுமந்தை காத்த நாய்களே இவ்வினத்துக்கு அடிப்படை. தோற்றப் பொலிவினும் வேலைத்திறனே முதன்மையானது என்பது ஸ்டெஃபானிட்ஸின் கொள்கை. ஆக, பிறப்பாலும் பயிற்சியாலும் இது ஆட்டின் காவலன்.

முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மனி என்ற சொல்லே இங்கிலாந்தில் வெறுப்புக்குரியதாயிற்று. அரச குடும்பமே 1917இல் தன் ஜெர்மானியக் குடிப்பெயரை விடுத்து வின்ட்சர் என மாற்றிக்கொண்டது. அரசர்க்கே அந்த நிலையென்றால் நாய் எம்மாத்திரம்! போர்முனையில் இவ்வினத்தின் திறமையைக் கண்ட வீரர்கள் அதனைத் தாயகத்துக்குக் கொண்டுவந்தபோது, 1919இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதற்கு வேறொரு பெயரைத் தேர்ந்தது. போர் முடிவில் பிரெஞ்சு நாட்டின் வசம் மீண்ட அல்சேஸ் நிலப்பகுதியின் பெயரைச் சூட்டி, அதனோடு ‘ஓநாய் நாய்’ என்ற அடைமொழியையும் சேர்த்தது. ஜெர்மனியை மறைக்க வந்த பெயர், ஓநாயைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

1919இல் பிரிட்டனில் பதிவான இவ்வின நாய்கள் 54. ஏழே ஆண்டுகளில், 1926இல், ஓராண்டுப் பதிவு 8,000ஐத் தாண்டியது. பிரெஞ்சுப் போர்முனையில் அமெரிக்க வீரர் லீ டங்கன் கண்டெடுத்த ரின் டின் டின் என்னும் நாய் திரைப்படங்களில் நடித்துப் புகழ் பெற்றதும் இக்காலத்தில்தான். மதிப்புக் கூடியபோது, வேலையும் பயிற்சியும் வேண்டுகின்ற ஒரு நாய், அவ்விரண்டும் அறியாதவர் கைகளுக்கும் சென்று சேர்ந்தது. கடித்த செய்திகள் வந்தன. மற்ற நாய் கடித்தால் நாய் கடித்தது என்பார்கள். இது கடித்தால் ஓநாய்க் குருதி வேலை செய்கிறது என்றார்கள். ஓநாய் என்ற சொல் பிற்பாடு பெயரினின்று நீக்கப்பட்டது. மக்கள் மனத்தினின்று அதை நீக்குவது அத்துணை எளிதாக இல்லை.

அதன் விளைவை ஆஸ்திரேலியாவில் காணலாம். இந்த ‘ஓநாய்’ அங்குள்ள டிங்கோ என்னும் காட்டு நாயோடு கலந்து, ஆட்டுமந்தைகளை அழிக்கும் புதிய இனத்தை உண்டாக்கிவிடும் என்று ஆட்டுப்பண்ணையாளர்கள் அஞ்சினர். 1929இல் இதன் இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. அத்தடை 1972இல் தளர்ந்து 1974இல்தான் முற்றிலும் விலகியது. ஆடு காக்கப் பிறந்த நாயை, ஆடு கொல்லும் எனச் சொல்லி ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தியது ஒரு பெயர்.

இப்பழி எவ்வாறு குறைந்தது? மறுப்புரைகளால் அன்று, உழைப்பால். போரில் கண்ணிழந்தோர்க்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் மேய்ப்பு நாய்களை வளர்த்துவந்த டோரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி அத்தகைய பணியைப் பற்றி 1927இல் எழுதினார். அதைப் பற்றி அறிந்த பார்வையற்ற இளைஞர் மாரிஸ் ஃபிராங்க் அவரை நாடிச் சென்று, 1928இல் படி என்ற நாயோடு அமெரிக்கா திரும்பினார். இங்கிலாந்தில் அல்சேஷன்களை வளர்த்த மியூரியல் குரூக், ரோசமண்ட் பாண்ட் என்ற இரு பெண்மணிகள் முயன்று, 1931இல் வாலசி நகரில் முதல் நான்கு வழிகாட்டி நாய்களைப் பார்வையற்றோரிடம் ஒப்படைத்தனர். ஜூடி, ஃபிளாஷ், ஃபாலி, மெட்டா என்ற அந்நான்கும் அல்சேஷன்களே. ஓநாய் என்று ஊர் அஞ்சிய விலங்கின் கழுத்துவாரைப் பற்றிக்கொண்டு, கண்ணில்லாத ஒருவர் சாலையைக் கடந்தார். அதைக் கண்டவர்க்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. இரண்டாம் உலகப்போரில், இலண்டனில் குண்டுவீச்சால் இடிந்த கட்டடங்களுக்கடியில் சிக்கியோரை மோப்பத்தால் கண்டு மீட்க உதவிய ஜெட், இர்மா ஆகிய அல்சேஷன்களுக்கு 1945இல் விலங்குகளுக்குரிய டிக்கின் விருது வழங்கப்பட்டது.

இத்தோடு நிறுத்தினால் வரலாறு பாதியாகிவிடும். அதே ஆண்டுகளில், நாஜிகளின் வதைமுகாம்களில் காவலர் கைவாரில் நின்று கைதிகளை அச்சுறுத்தியதும் இவ்வினமே. 1963 மே திங்களில், அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற கறுப்பின மக்கள்மீது காவல்துறை ஏவியதும் இவ்வினமே. அந்த நிழற்படம் உலகெங்கும் பரவியது. அம்முகாமில் நின்றவரிடமும் அவ்வீதியில் நின்றவரிடமும், இது தவறாக அறியப்பட்ட நாய் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. அவர்கள் கண்டது உண்மை. ஆனால் வாலசியில் கண்டதும் உண்மையே. இரண்டிடத்தும் நாய் ஒன்றுதான். வாரைப் பிடித்த கையும், அக்கை கற்பித்த பாடமும்தாம் வேறு.

ஆகவே ஓர் இனத்தின் நற்பெயரைக் காப்பது என்பது, அதன் குற்றங்களை மறைப்பதோ புதிய பெயர் சூட்டுவதோ ஆகாது. 1919இல் சூட்டிய பெயர் அதற்குச் சான்று. பிரிட்டனில் ஜெர்மானிய மேய்ப்பு நாய் என்ற பெயர் 1977இல் மீண்டும் ஏற்கப்பட்டது. பழைய பெயர் திரும்ப வந்தபோது எவரும் அஞ்சவில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்த நாய்கள் செய்த பணி அத்தகையது.

அன்று அல்சேஷன் நின்ற கூண்டில் இன்று பிட்புல் முதலிய இனங்கள் நிற்கின்றன. 2024 மார்ச்சில் நடுவண் அரசு 23 இன நாய்களுக்குத் தடை கூறிச் சுற்றறிக்கை விடுத்தது. தொடர்புடையோரைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அதனை நீக்கியது. கடிபட்ட குழந்தையின் துயரம் பொய்யன்று. ஊரின் அச்சமும் ஏளனத்துக்குரியதன்று. ஆயினும் அந்த அச்சம் யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்பதே கேள்வி. காசுக்காகக் கண்டபடி இனம்பெருக்குபவர், வெறியூட்டி வளர்ப்பவர், கட்டிப்போட்டு மறப்பவர் ஆகியோரை விட்டுவிட்டு, ஒரு பெயரை மட்டும் தண்டிப்பது எளிது. எளிதென்பதாலேயே அது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

நாய் தன் பெயரைத் தானே இட்டுக்கொள்வதில்லை. தன்மீது எழுந்த பழிக்கு மறுமொழி சொல்லவும் அதனால் இயலாது. பெயரிடும் ஆற்றல் நம்மிடம் மட்டுமே இருக்கிறது. ஓநாய் என்ற ஒற்றைச் சொல் அரை நூற்றாண்டுக்குச் செய்த வேலையை நினைந்தால், ஓர் அடைமொழியை எழுதுமுன் நம் எழுதுகோல் சற்றே தயங்குவது நன்று.