கொழும்புத் துறைமுகத்தில் ஒரு தமிழ்க் குடும்பம்

துறைமுகப் பட்டினங்களில் வணிகம் மட்டுமன்றிப் பதவியும் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தங்குவதுண்டு. ஹம்பேர்க் நகரில் கார்ல் பிரீட்ரிக் பீற்றர்சன் 1876க்கும் 1892க்கும் இடையில் பலமுறை நகர முதல்வராக இருந்தார். அவருடைய பேரன்மாருள் கார்ல் 1924இலும், ருடோல்வ் போர் முடிந்த 1945இலும் அதே ஆசனத்துக்கு வந்தனர். கொழும்பிலும் இதற்கு ஒப்பான, இதனினும் நீண்ட தொடர் ஒன்று உண்டு. துறைமுகத்துக்கு அண்மையில், கொச்சிக்கடையில், பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எழுப்பிய தமிழ்க் குடும்பமே அது.

இதன் மூலபுருஷர் பருத்தித்துறையை அடுத்த கெருடாவிலைச் சேர்ந்த ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி. ஆங்கில அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி முதலியார் பட்டம் பெற்றவர். சட்டநிரூபண சபை 1833இல் அமைக்கப்பட்டபின், 1835இல் தமிழர் பிரதிநிதியாகத் தேசாதிபதி நியமித்தது இவரையே. ஆனால் மறு ஆண்டே காலமானார். மகன் முத்துக்குமாரசுவாமி அப்போது இரண்டு மூன்று வயதுப் பாலகன்.

அந்தப் பாலகன் வளர்ந்து 1862இல் தந்தையின் ஆசனத்தில் அமர்ந்தார். 1863இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அங்கே அனுமதிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பாளி நூல்களையும் மொழிபெயர்த்தார். 1874இல் சேர் பட்டம் கிடைத்தது. ஆங்கிலப் பெண்மணியான எலிசபெத்தை மணந்தார். அவர்களின் மகனே பிற்காலத்தில் பொஸ்ரன் நூதனசாலையிலிருந்து நமது சிற்பக்கலையை உலகுக்கு விளக்கிய ஆனந்த குமாரசுவாமி. 1879இல் தந்தை மறைந்தபோது ஆனந்தருக்கு இரண்டு வயதும் நிறையவில்லை. இரண்டு தலைமுறையிலும் தந்தை முகம் அறியாப் பிள்ளைகள்!

ஆகவே ஆசனம் மகனுக்குப் போகவில்லை, மருமகனுக்குப் போயிற்று. குமாரசுவாமி முதலியாரின் மகள் செல்லாச்சி அம்மையார். அவரை மணந்தவர் கொழும்புக் கச்சேரியில் காசாளராயிருந்த பொன்னம்பல முதலியார். 1856இல் கொச்சிக்கடைக் கோயிலைக் கட்டியவர் இவர். இவர்களுக்கு மூன்று ஆண் மக்கள்: குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். பொன்னம்பலத்தாரின் புதல்வர்கள் என்று எழுதிவிட்டு வரலாற்றாசிரியர்கள் மேலே போய்விடுகின்றனர். ஆயினும் சட்டநிரூபண சபையை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்த இரத்தம் செல்லாச்சி அம்மையாருடையது. நோயாளியின் பரம்பரையை விசாரிக்கும் வைத்தியர் எவரும் தாய்வழியைக் கேளாமல் விடுவதில்லை. வம்சாவளி வரைவோர்தாம் விட்டுவிடுகிறார்கள்.

மாமனார் விட்ட இடத்தில் 1879இல் இராமநாதன் அமர்ந்தார். 1893இல் தமையனார் குமாரசுவாமி அதனைப் பெற்று 1898 வரை வைத்திருந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் ஆசனம் ஒரே குடும்பத்தைவிட்டு அகலவில்லை. அதன்பின் சத்திரசிகிச்சை நிபுணர் றொக்வூட்டுக்குப் போயிற்று. இத்தனையும் தேசாதிபதியின் நியமனங்களே. எந்தத் தமிழ்க் குடியானவனும் வாக்களித்ததில்லை என்பதையும் மறத்தலாகாது.

வாக்கு வந்தபோதும் குடும்பம் பின்வாங்கவில்லை. 1911இல் படித்த இலங்கையருக்கென ஒரே ஓர் ஆசனம் ஏற்பட்டது. வாக்காளர் மூவாயிரத்துக்கும் குறைவு. இராமநாதன் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார். சிங்களவர் பலரும் அவருக்கே வாக்களித்தனர். 1915 கலவரத்தின்பின் இராணுவச் சட்டத்தில் சிங்களவர் வதைபட்டபோது, அவர்களுக்காகச் சபையில் முழங்கியதுடன் போர்க்காலக் கடலையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று வாதாடினார். திரும்பிவந்த அவருடைய வண்டியைச் சிங்களத் தலைவர்கள் தம் கையால் இழுத்துச் சென்றார்கள். பாட்டனார் மொழிபெயர்த்தார், பேரன் பரிந்து பேசினார். இடையில் தந்தையாரின் கோயிலையும் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் புதுப்பித்தார்.

இளையவர் அருணாசலம் 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர். 1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் கிடைக்க ஆதரவளிப்பதாகச் சிங்களத் தலைவர்கள் 1918இல் உறுதி கூறியிருந்தனர். உறுதி காக்கப்படவில்லை. 1921இல் அவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஒரு குடும்பத்துக்கு, தன் பட்டினத்தில் தன் இனத்துக்கு ஓர் ஆசனமில்லை என்பது எத்தகைய அடி! தமிழரின் பிற்கால அரசியலை ஆராய்வோர் அந்த ஓர் ஆசனத்திலிருந்து தொடங்குவது நன்று.

சர்வசன வாக்குரிமையை இராமநாதன் கடுமையாக எதிர்த்தார். அவருடைய பெரும் புகழுக்கு இது ஒரு குறையே. 1930இல் அவர் மறைந்தார். 1931இல் வாக்குரிமை வந்தது. அருணாசலத்தின் மகன் மகாதேவா 1934இல் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று, 1942இல் உள்நாட்டு அமைச்சரானார். ஆனால் 1947 தேர்தலில் ஜீ. ஜீ. பொன்னம்பலத்திடம் தோற்றார். (பெயர் ஒன்றாயினும் இவர் அக்குடும்பத்தவர் அல்லர்.) குமாரசுவாமி முதலியாரின் பூட்டனை யாழ்ப்பாண வாக்காளர் வீட்டுக்கு அனுப்பினர்.

அப்போதும் தொடர் முற்றாக அறவில்லை. மீண்டும் ஒரு மகள் வழியாகவே அது நீண்டது. இராமநாதனின் மகள் சிவகாமசுந்தரியை மணந்த சு. நடேசபிள்ளை, மாமனார் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் அதிபர், தமிழகத்திலிருந்து வந்தவர். 1952இல் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தையே வென்று, பின்னர் அமைச்சராகவும் இருந்தார். 1956இல் அத்தொகுதி செல்வநாயகத்திடம் திரும்பியது. கல்லூரி இருந்த வளவில் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது.