பெங்களூரு மெட்ரோ ஊதா வழித்தடத்தில் விரைவு ரயில் இயங்காதது ஏன்?

பெங்களூரு: பெங்களூரு மெட்ரோவின் ஊதா வழித்தடம் மேற்கே செல்லகட்டாவையும் கிழக்கே ஒயிட்ஃபீல்டையும் (காடுகோடி) இணைக்கிறது. 43.49 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்தில் 37 நிலையங்கள் உள்ளன. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல ஏறத்தாழ 80 நிமிடங்கள் ஆகின்றன. முக்கிய நிலையங்களில் மட்டும் நிற்கும் விரைவு ரயில்களை இயக்கினால் பயண நேரம் குறையுமே என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

தடையாக இருப்பது தண்டவாளம்

மும்பை புறநகர் ரயிலில் சர்ச்கேட் - போரிவலி இடையே மெதுரயில்களும் விரைவு ரயில்களும் தனித்தனித் தடங்களில் செல்கின்றன. நியூயார்க்கில் 1904-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முதல் சுரங்க ரயில் பாதையின் முதன்மைப் பகுதியும் நான்கு தடங்களுடன் அமைக்கப்பட்டது. வெளிப்புறத் தடங்களில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில்களும், உட்புறத் தடங்களில் விரைவு ரயில்களும் ஓடின.

ஊதா வழித்தடத்திலோ ஒரு திசைக்கு ஒரு தடமே உள்ளது. ஒரு நிலையத்தில் நிற்காமல் சென்றால் சுமார் ஒரு நிமிடம் மிச்சமாகும் எனக் கொள்வோம். ரயில்கள் ஐந்து நிமிட இடைவெளியில் ஓடும்போது, மூன்று அல்லது நான்கு நிலையங்களைக் கடந்ததுமே விரைவு ரயில் முன்னே செல்லும் ரயிலை நெருங்கிவிடும். முந்திச் செல்ல வழியில்லாததால் அதன் பின்னாலேயே ஊர்ந்து செல்ல நேரிடும்.

இதைத் தவிர்க்க வேண்டுமெனில், விரைவு ரயிலுக்கு முன்பாக நீண்ட இடைவெளி விட வேண்டும். அதனால் ஒரு மணி நேரத்தில் இயங்கும் ரயில்களின் எண்ணிக்கை குறையும். சிறிய நிலையங்களில் காத்திருப்பு கூடும். சியோல் நகரின் 9-ஆம் வழித்தடத்தில் சில நிலையங்களில் முந்திச் செல்லும் தடங்கள் கட்டப்பட்டு, 2009-ஆம் ஆண்டு முதல் விரைவு ரயில்கள் இயங்குகின்றன. ஆனால் பயணிகள் அவற்றையே நாடியதால், அந்த ரயில்கள் கடும் நெரிசலுக்குப் பெயர் பெற்றன.

மாற்று வழி: குறுந்தொலைவு ரயில்கள்

பையப்பனஹள்ளி - கே.ஆர்.புரா, கெங்கேரி - செல்லகட்டா பகுதிகள் 2023 அக்டோபர் 9-ஆம் தேதி பயன்பாட்டுக்கு வந்ததையடுத்து, முழு வழித்தடமும் இணைந்தது. இதன்பின் கிழக்கே உள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குச் செல்வோரின் கூட்டம் பெருகியது. பச்சை வழித்தடத்திலிருந்து மாறுவோரும் மெஜஸ்டிக்கில் சேர்ந்துகொள்வதால், மேற்கிலிருந்து ஏற்கெனவே நிரம்பி வரும் ரயில்களில் அவர்கள் ஏறுவதே கடினமானது.

இதற்குத் தீர்வாக, 2024-ஆம் ஆண்டில் காலை நெரிசல் நேரத்தில் மெஜஸ்டிக்கிலிருந்து கருடாச்சார்பாளையா நோக்கிக் கூடுதல் ரயில்கள் இயக்கப்பட்டன. இவை விரைவு ரயில்கள் அல்ல. வழியிலுள்ள எல்லா நிலையங்களிலும் நிற்பவை. மெஜஸ்டிக்கிலேயே காலியாகப் புறப்படுவதுதான் இவற்றின் பயன். ஒரே ரயிலும் ஓட்டுநரும் குறைந்த நேரத்தில் அதிக நடைகள் செல்லவும் முடிகிறது. சென்னை மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை - ஆலந்தூர் இடையே நெரிசல் நேரத்தில் இயங்கும் கூடுதல் ரயில்களும் இத்தகையவையே.

பயணிகள் கவனிக்க வேண்டியது

நடைமேடைக்கு வரும் ஒவ்வொரு ரயிலும் கடைசி நிலையம் வரை செல்லும் எனக் கருதக் கூடாது. ஹூடி, குந்தலஹள்ளி, பட்டந்தூர் அக்ரஹாரா, ஒயிட்ஃபீல்டு செல்வோர், ரயிலின் சேருமிடத்தைப் பெயர்ப் பலகையிலும் அறிவிப்பிலும் உறுதிசெய்த பின் ஏறுவது நல்லது. கருடாச்சார்பாளையா ரயிலில் ஏறிவிட்டாலும் கவலைப்படத் தேவையில்லை. அங்கே இறங்கி, நிலையத்தை விட்டு வெளியேறாமல் அடுத்த ரயிலில் பயணத்தைத் தொடரலாம். நுழைந்த நிலையத்தையும் வெளியேறும் நிலையத்தையும் கொண்டே கட்டணம் கணக்கிடப்படுவதால், இதற்கெனத் தனிப் பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை.

புறப்பட்ட ரயில் விரைவாகச் செல்வது மட்டுமே பயண நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. நடைமேடையில் காத்திருக்கும் நேரமும் அதில் அடங்கும். இரு தடங்கள் மட்டுமே உள்ள பாதையில் குறைக்க எளிதானது அந்தக் காத்திருப்பே.