முன்சீப் எழுதிய தமிழ்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826–1889) முதல் தமிழ் நாவலாசிரியர் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது என்பது பாடநூல் வழியே நமக்கு மனப்பாடம். அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1862இல், அவர் வெளியிட்ட ‘சித்தாந்த சங்கிரக’த்தையோ இலக்கிய வாசகர்களாகிய நாம் புரட்டிப் பார்ப்பதில்லை. 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தந்த நூல் அது. சட்ட நூல்தானே என்று ஒதுக்கிவிட்டோம் போலும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து முன்சீப் ஆனவர். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள். நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், கட்சிக்காரர் தமிழர். வாதம் மாத்திரம் ஆங்கிலத்தில். தன் காணி யாருக்கென்று தீர்ப்பாகும் வேளையில் குடியானவன் ஒன்றும் விளங்காமல் நிற்பான். இந்த அபத்தத்தை அவர் பின்னாளில் தம் நாவலிலேயே எள்ளி நகையாடினார். ஆனால் கேலிக்கு முன்னரே வேலை நடந்துவிட்டது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

புலமை என்றால் செய்யுள் என்றிருந்த காலம் அது. தீர்ப்பின் வாசகத்திலோ சிலேடைக்கு இடமில்லை. இரு பொருள் தந்தால் ஒருவன் நிலம் போய்விடும். நாவலின் தெளிந்த உரைநடை அந்தப் பழக்கத்தில் விளைந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வளவிலும் அவருடைய சமயம் எங்கே இருந்தது? தேவமாதா மீது அந்தாதி பாடியவர்தாம். எனினும் அலுவலகத்தில் அவர் பிரசங்கம் செய்யவில்லை. கைக்கூலியைக் கடிந்து ‘நீதிநூ’லில் (1859) பாடியவர், அந்த நாற்காலியிலேயே அமர்ந்து வழக்குக் கேட்டார். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தக் கிறிஸ்தவ முன்சீப் மீது ‘குளத்துக் கோவை’ பாடினார். அவரும் திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகரைப் பாடினார். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தோருக்குச் செலவிட்டபோதும் சாதி சமயம் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவர் தமிழ்ப்படுத்திய தீர்ப்புகள் நூலாகி 144 ஆண்டுகள் கழித்து, 2006இல், உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனத் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது.