ஒளிவேதியியலுக்கான புற ஊதா ஒளிமூலங்கள்

ஒளிவேதியியல் சோதனைகளில் வேதிவினையைத் தூண்டுவதற்குத் தேவையான புற ஊதாக் கதிர்களைத் தரும் விளக்குகளும் பிற கருவிகளும் புற ஊதா ஒளிமூலங்கள் எனப்படுகின்றன. புற ஊதாக் கதிர்கள் 100 முதல் 400 நானோமீட்டர் (நா.மீ.) வரையிலான அலைநீளம் கொண்டவை. இவற்றைத் தரும் விளக்குகள் பலவும் "யு.வி. விளக்கு" என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை. எனவே விளக்கின் வாட் அளவைக் காட்டிலும் அது உமிழும் அலைநீளமே முதலில் கருதப்பட வேண்டும்.

அடிப்படை

ஒரு பொருள் உட்கவரும் ஒளி மட்டுமே அதில் வேதி மாற்றத்தை உண்டாக்கும். இது குரோத்துசு-டிரேப்பர் விதி எனப்படும். அலைநீளம் குறையக் குறைய ஒளியின் ஆற்றல் கூடும். ஒரு மோல் ஒளியன்களின் ஆற்றல் 365 நா.மீ.இல் ஏறத்தாழ 328 கிலோஜூல், 254 நா.மீ.இல் ஏறத்தாழ 471 கிலோஜூல் ஆகும்.

எடுத்துக்காட்டாக, ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் கரைத்த பென்சோபீனோன் 365 நா.மீ. ஒளியை உட்கவர்ந்து பென்சோபினகோலாக மாறும். இதற்கு வெயிலே போதுமானது. இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தில் ஜாக்கோமோ சாமிச்சான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய பல வினைகளைச் சூரிய ஒளியிலேயே ஆராய்ந்தார். மாறாக, அசிட்டோன் 275 நா.மீ. அருகிலேயே மிகுதியாக ஒளியை உட்கவர்கிறது. 365 நா.மீ. விளக்கை எவ்வளவு நேரம் எரித்தாலும் அதில் குறிப்பிடத்தக்க வினை நிகழாது.

வகைகள்

* தாழ் அழுத்தப் பாதரச விளக்கு: பெரும்பாலும் 254 நா.மீ. கதிரைத் தரும். கிருமி நீக்கக் குழல் விளக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. தூய குவார்ட்சு உறை கொண்டவை 185 நா.மீ. கதிரையும் வெளிவிட்டு, காற்றில் ஓசோனை உருவாக்கும்.
* நடுத்தர அழுத்தப் பாதரச விளக்கு: 254, 313, 365 நா.மீ. உள்ளிட்ட பல கோடுகளை வலிமையாக உமிழும். மிகுந்த வெப்பம் தருவதால் நீர்க் குளிர்விப்பு தேவை. அணைத்தால், ஆறிய பின்னரே மீண்டும் எரியும்.
* கருப்பொளி விளக்கு: ஒளிரும் பூச்சின் உதவியால் 350 முதல் 370 நா.மீ. வரையிலான கதிர்களைத் தரும்.
* ஒளி உமிழும் இருமுனையம் (எல்.ஈ.டி.): 365, 385, 395 நா.மீ. போன்ற குறுகிய பட்டைகளில் கிடைக்கிறது. மலிவான கைவிளக்குகள் பல 395 நா.மீ. வகையினவாதலால், பெட்டியிலுள்ள அலைநீளக் குறிப்பைச் சரிபார்த்தல் நன்று.

வினைக்கலம்

கலத்தின் சுவரும் ஓர் ஒளி வடிகட்டியே. குவார்ட்சு 200 நா.மீ.க்குக் கீழும் ஒளியைக் கடத்தும். போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி ஏறத்தாழ 280 நா.மீ.க்குக் கீழுள்ள கதிர்களைத் தடுத்துவிடும். ஆகவே 254 நா.மீ. விளக்கைச் சாதாரணச் சோதனைக் குழாயின் வெளியே வைத்தால் அந்த ஒளி கரைசலை அடையாது. கரைப்பானும் தேவையான ஒளியை உட்கவராததாக இருக்க வேண்டும். இதனால், முதலில் வினைப்படுபொருளின் உட்கவர் நிறமாலையைப் பார்த்து, அதற்கேற்ற விளக்கையும், பின்னர் அதற்கேற்ற கலத்தையும் கரைப்பானையும் தேர்ந்தெடுப்பதே முறையாகும்.

பாதுகாப்பு

254 நா.மீ. கதிர் கண்ணுக்குத் தெரியாது. விளக்கில் தெரியும் மங்கிய நீல ஒளியைக் கொண்டு அதன் வலிமையை மதிப்பிட இயலாது. சிறிது நேரம் நேராகப் பட்டாலும் கருவிழி அழற்சியும் தோல் சிவத்தலும் ஏற்படலாம். வலி சில மணி நேரம் கழித்தே தொடங்குவதால், பாதிப்பு நேரும்போது உணரப்படுவதில்லை. எனவே விளக்கை ஒளி புகாத பெட்டிக்குள் வைத்து, கதவு திறந்தால் மின்சாரம் தானே நிற்கும்படி அமைத்தல் வேண்டும். புற ஊதாத் தடுப்பு முகக் கவசமும் கையுறையும் இன்றியமையாதவை. ஓசோன் உருவாகும் விளக்குகளுக்குப் புகைபோக்கி அறை தேவை. பாதரச விளக்கு உடைந்தால் அறையைக் காற்றோட்டமாக்க வேண்டும்; துடைப்பத்தால் பெருக்கக்கூடாது.