கொயில் சொக்கெட்டும் பொயின்ட் காலமும்



போன வாரம் கொக்கட்டிச்சோலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மண்முனைப் பாலத்தை நெருங்குகையில் எங்கள் கார் குலுங்கத் தொடங்கியது. நாங்கள் நான்கு ஆசிரியர்கள். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், ஒரே காரில் செலவைப் பகிர்ந்து போவோம் என்று தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. எஞ்சின் 'மிஸ்' அடித்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் எரிந்தது.

அக்கரையில் ஒரு கராஜில் காட்டினோம். "கொயில் போயிற்று, நாலையும் மாற்றுங்கள்" என்றார்கள். சொன்ன விலை, எங்களில் ஒருவருடைய சம்பளத்தில் பெரும் பகுதி. மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் மெல்ல உருட்டிக்கொண்டு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயதான பாஸ் ஒருவரிடமே போனோம். அவர் எஞ்சினை ஓடவிட்டு, கொயில்களுக்குப் போகும் வயர்களை ஒவ்வொன்றாக விரலால் மெதுவாக அசைத்தார். மூன்றாவதை அசைத்ததும் எஞ்சின் தடுமாறியது.

"சேர், கொயில் நல்லாத்தான் இருக்கு. சொக்கெட்டுட பூட்டுத்தான் உடைஞ்சி கிடக்கு" என்றார்.

நகக்கண் அளவு பிளாஸ்டிக் துண்டு. அது உடைந்ததால் சொக்கெட் தளர்ந்து, ஆட்டத்தில் தொடுவதும் விடுவதுமாக இருந்திருக்கிறது. இந்தச் சின்னச் சாமான் நம் கார்களுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்ற கதையை எழுதலாம் என்று நினைத்தோம்.

பெற்றோல் எஞ்சினுக்கு உயிர் தீப்பொறி. மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால் பக்கத்துச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கல் பரடே 1831 இல் கண்டார். அந்தத் தத்துவத்தில் செய்த சுருளைக் கொண்டே 1860 இல் லெனுவார் தனது வாயு எஞ்சினில் பொறி எழுப்பினார். 1886 இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற காரிலும் பற்றரியும் சுருளும் இருந்தன. 1902 இல் பொஷ் நிறுவனம் உயர் அழுத்த மக்னீற்றோவைக் கொண்டு வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் சார்ள்ஸ் கெற்றரிங் கடிலக் கார்களுக்காக, பற்றரி, ஒரு கொயில், பொயின்ட், டிஸ்ரிபியூட்டர் என்ற ஏற்பாட்டை நிலைநிறுத்தினார்.

நம் வாப்பாமாரும் அப்பாமாரும் ஓட்டிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஓடியது இந்த ஏற்பாட்டில்தான். நான்கு சிலிண்டருக்கும் ஒரே கொயில். பொயின்ட் கருகினால் அரத்தாளால் உரசினார்கள். இடைவெளி பார்க்கக் கேஜ் இல்லாவிட்டால் தீப்பெட்டி அட்டையை வைத்தார்கள். வயர் கழன்றால் ஒரு நட்டை இறுக்கினால் போதும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

அந்த எளிமையின் மதிப்பை யுத்தம் காட்டியது. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாகி, பற்றரியும் உதிரிப்பாகமும் போக முடியாதபோது, மக்கள் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பொயின்ட்டும் காபிரேட்டரும் இருந்த எஞ்சின் என்பதால் அது முடிந்தது. இன்றைய கம்பியூட்டர் வைத்த எஞ்சினில் அந்த வித்தை நடக்காது.

நமது படுவான்கரையும் அப்படியொரு காலத்தைக் கண்டது. வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்சி, இந்தப் பக்கம் ஒரு ஆட்சி. சோதனைச் சாவடியில் பற்றரியும் எரிபொருளும் கேள்விக்குள்ளாகும். 1990க்குப் பிறகு எழுவான்கரை முஸ்லிம்கள் பலர் படுவான்கரையிலுள்ள தங்கள் வயலுக்கே போக முடியாமல் இருந்தார்கள். இரு பக்கமும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2007 இல் நிலைமை மாறியது. 2014 இல் ஜப்பானின் உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அந்தத் துறையில் பாதையில் ஏறித்தான் கடந்தோம். இன்று நாங்கள் தினமும் அந்தப் பாலத்தால் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம்.

எங்கள் பாஸ் அந்த நெருக்கடிக் காலத்தில்தான் தொழில் பழகியவர். "அப்ப கழட்டினது ஒண்டையும் எறியமாட்டம் சேர். எறிஞ்சா வேற வராது" என்றார்.

இனி இன்றைய காருக்கு வருவோம். 1990களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியக் கார்களில் டிஸ்ரிபியூட்டர் மறைந்து, ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனிக் கொயில் வந்தது. பற்றரியின் 12 வோல்ற்றை இருபதாயிரத்துக்கும் மேலாக உயர்த்துவது அந்தக் கொயில்தான். டொயோட்டாக்கள் பலவற்றில் அதற்கு 4 வயர்: ஒன்று மின்சாரம், ஒன்று ஏர்த், ஒன்று "இப்போது பொறி விடு" என்ற கட்டளை, மற்றது "விட்டுவிட்டேன்" என்ற பதில். சுசுக்கி கார்கள் பலவற்றில் 3 வயர். இத்தனையும் ஒரு பிளாஸ்டிக் சொக்கெட்டுக்குள். கொயிலை மூடி ஒட்டிவிட்டார்கள், அதைத் திறந்து திருத்த முடியாது. திருத்தக்கூடியதாக மிஞ்சியது அந்தச் சொக்கெட்தான்.

அது எஞ்சின் தலையின் மேல் இருப்பதால் வருடக்கணக்காக வெந்து, பிஸ்கட் போல நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். நமது பக்கத்து உப்புக் காற்றில் பின்னில் களிம்பு பிடிக்கும். வயலோரம் நிறுத்தினால் எலியும் வயரைக் கடிக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களையே வைத்து ஓட்டினோம். ஆகவே இந்தக் கோளாறு இனி அதிகம் வரும்.

பாஸ் செய்ததைப் பார்த்து எழுதுகிறோம். முதலில் பற்றரியின் மைனஸைக் கழற்றினார். வயர்களின் நிற வரிசையைப் போனில் படம் எடுக்கச் சொன்னார். இடம் மாறினால் கொயிலோ கம்பியூட்டரோ போய்விடும். வயரோடு வரும் அதே வகைச் சொக்கெட்டை எடுத்து, பின் எண்ணிக்கையும் வடிவமும் பொருந்துகிறதா என்று கொயிலில் போட்டுப் பார்த்தார். மூட்டுகள் ஒன்றோடொன்று முட்டாதபடி ஒவ்வொரு வயரையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டினார். கவசக் குழாயை முன்கூட்டியே வயரில் கோர்த்து, மூட்டை இறுக்க நசுக்கி, குழாயைச் சூடு காட்டிச் சுருங்க வைத்தார். கடைசியில் வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டினார். விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதிர்வில் மறுபடி விடும். சொக்கெட் 'டிக்' என்று பூட்டிய சத்தம் எங்களுக்கும் கேட்டது.

உடைந்ததைப் பசை போட்டு ஒட்டலாமா என்று கேட்டோம். "வீடு போய்ச் சேர ஒரு கட்டுக் கட்டலாம், அதுக்கு மேல வேணாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மிஸ் அடிக்கும்போது எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், அங்குள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். அதன் விலை கொயிலை விடப் பன்மடங்கு.

ஆகவே உறவுகளே, கார் மிஸ் அடித்தால் கொயிலை வாங்கும் முன் சொக்கெட்டை ஒரு தரம் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, மூன்றாவது கொயிலை முதலாவது இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறும் முதலாவதுக்கு வந்தால் பிழை கொயிலில். மூன்றாவதிலேயே நின்றால் பெரும்பாலும் சொக்கெட், வயர் அல்லது பிளக்.

இன்னுமொன்று. தட்டிப் பார்த்தே பிழை சொல்லும் பாஸ்மார் நம் இரு கரையிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எங்கள் பாஸுக்குப் பக்கத்தில் தொழில் பழக ஒரு பொடியனும் இல்லை. ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளை ஆறு மாதமாவது அவர்களிடம் அனுப்புங்கள். ஸ்கேனர் இலக்கம் சொல்லும். உடைந்த பூட்டைத் தேடிப் பிடிப்பதற்குப் பழகிய விரல் வேண்டும்.

பொயின்ட் காலத்துக் கார் ஓட்டிய, பாதையில் வாகனம் ஏற்றிய நினைவுள்ள மூத்தவர்கள் எழுதுங்கள். நம் பிள்ளைகள் வாசிக்கட்டும்.