சோழன் கை, பாண்டியன் ஏடு: அடி விளையாட்டின் பழைய கதை

ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லிடறேன்: இது 18 வயசு தாண்டினவங்களுக்கான எபிசோட். பஸ்ல, ஆபீஸ்ல கேட்கிறவங்க ஹெட்ஃபோன் மாட்டிக்கோங்க.

கதையைக் குற்றாலத்துல இருந்து ஆரம்பிக்கலாம். சீசன்ல மெயின் அருவிக்குப் போயிருக்கீங்களா? முதல் முறை போகிறவர் நேராக உள்ளே நுழைந்து தலையை நீட்டுவார். உடனே பக்கத்துல ஒரு குரல் வரும்: “அண்ணாச்சி, தலையக் குடுக்காதீய, முதுகக் குடுங்க.” அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீர் தோளிலும் முதுகிலும் தொம் தொம்மென்று அடிக்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் யாரும் வெளியே வர மாட்டேங்கிறாங்க. வந்தவங்களும் மறுபடி உள்ளே போறாங்க. வலியும் சுகமும் ஒரே இடத்துல இருக்க முடியும்ங்கறது நம்ம உடம்புக்கு ஏற்கனவே தெரியும்.

இரண்டு பேர், முழு சம்மதத்தோட, காமத்தின் ஒரு பகுதியா அடி கொடுப்பதும் வாங்குவதும் இன்னைக்கு ‘இம்பேக்ட் ப்ளே’ என்ற பெயரில் பேசப்படுகிறது. பேடில், ஃபிளாகர், கிராப் என்று சாமான்கள் ஆன்லைனில் வாங்கலாம், மறைவான பார்சலில் வீட்டுக்கே வரும். இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நமக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சம்பந்தம் இருக்கு. அதுவும் குற்றாலத்துல இருந்து கொஞ்ச தூரத்துல, தென்காசியில இருக்கு.

தென்காசி பெரிய கோவிலை நமக்குத் தெரியும். பராக்கிரம பாண்டியன் 1446-இல் கட்டத் தொடங்கிய காசி விசுவநாதர் கோவில். மதுரை கைவிட்டுப் போன பிறகு பாண்டியர் மரபு ஒண்டியிருந்த ஊர் இது. அந்த மரபில் 16-ஆம் நூற்றாண்டில் வந்தவர் அதிவீரராம பாண்டியர். நைடதம், காசி காண்டம் எழுதிய புலவர். பிள்ளைகள் படிக்கும் நீதிநூலான வெற்றிவேற்கையும் அவருடையதுதான். அவருடைய உறவினர் வரதுங்கராம பாண்டியரும் புலவர். கரிவலம்வந்தநல்லூர் சிவன்மேல் அந்தாதிகள் பாடியவர். இந்த இருவரில் ஒருவர் பெயரில் இன்னொரு நூலும் வழங்குகிறது: கொக்கோகம். அதிவீரராமர் எழுதியது என்பார் ஒரு சாரார், வரதுங்கராமர் என்பார் இன்னொரு சாரார். யாராயிருந்தாலும் அது தென்காசி அரண்மனைச் சரக்கு. கொக்கோகர் என்பவர் வடமொழியில் எழுதிய ரதிரகசியத்தின் தமிழ் வடிவம். பக்திப் பாட்டும் காமநூலும் ஒரே குடும்பத்துல இருந்து வந்ததில் அந்தக் காலத்துக்கு எந்தச் சங்கடமும் இல்லை. பின்னாடிதான் கொக்கோகம்ங்கற சொல்லே ஒளிச்சுவச்சுப் படிக்கிற மலிவுப் புத்தகத்தின் பெயராகிப் போச்சு.

கொக்கோகருக்கு முன்னோடி வாத்ஸ்யாயனர். காமசூத்திரம் ஏறத்தாழ 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். அதில் அடிக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. புறங்கையால், கொஞ்சம் குவித்த கையால், முஷ்டியால், விரித்த உள்ளங்கையால் என நாலு வகை. எங்கே அடிக்கலாம் என்று ஒரு பட்டியலும் உண்டு: தோள், தலை, மார்பின் நடு, முதுகு, இடுப்புப் பகுதி, விலா.

அதுக்கப்புறம்தான் நம்ம ஊர் வருது. தென்னாட்டார் இந்த நாலோடு இன்னும் நாலைச் சேர்த்திருக்கிறார்கள் என்கிறார் வாத்ஸ்யாயனர். மார்புக்கு ஆப்பு, தலைக்குக் கத்தரி, கன்னத்துக்கு ஊசி, மார்பையும் விலாவையும் பிடிக்க இடுக்கி. தென்னாட்டு இளம்பெண்களின் மார்பில் அந்தத் தழும்புகளைக் காணலாம், இது முரட்டுத்தனம், மற்றவர்கள் பின்பற்ற வேண்டாம் என்று கண்டிக்கவும் செய்கிறார். பேரைக் கேட்டா தச்சுப்பட்டறைச் சாமான் மாதிரி இருக்கில்ல? 1883-இல் வந்த ரிச்சர்ட் பர்ட்டனின் ஆங்கிலப் பதிப்பு இவற்றைக் கருவிகள் போலவே காட்டுகிறது. ஆனால் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் யசோதரரின் உரை, இவை கையையும் விரலையும் மடக்கிப் பிடிக்கும் விதங்கள் என்கிறது.

அடுத்து வாத்ஸ்யாயனர் மூன்று விபத்துகளைப் பதிவு செய்கிறார். இந்த எபிசோடை நான் பண்ணக் காரணமே இந்த மூணுதான்.

முதலாவது, ஒரு சோழ அரசன். சித்திரசேனை என்ற கணிகையைக் கூடலின்போது ‘ஆப்பு’ அடியால் கொன்றுவிட்டான். (பர்ட்டன் பதிப்பில் இவன் பாஞ்சால அரசன், பெண்ணின் பெயரும் வேறு. வடமொழிப் பதிப்புகளில் இருப்பது சோழன்.) இரண்டாவது, குந்தள நாட்டு சாதகர்ணி என்ற சாதவாகன அரசன். தன் பட்டத்தரசி மலயவதியைக் ‘கத்தரி’யால் கொன்றான். அவள் நோயிலிருந்து எழுந்து இன்னும் உடல் தேறாதவள் என்று உரை சொல்கிறது. மூன்றாவது நரதேவன். கை ஊனமானவன். கன்னத்துக்குக் குறிவைத்த ‘ஊசி’ தவறிப்போய் ஒரு நடனப்பெண்ணின் கண்ணைக் குருடாக்கிவிட்டான். உரையின்படி இவன் பாண்டிய அரசனின் சேனாபதி.

சோழன் ஒருத்தன், பாண்டியன் படைத்தலைவன் ஒருத்தன். சாட்சி சொல்ல முடியாத மூணு பெண்கள்.

இதை இன்றைய கண்ணால் படித்தால் மூன்று பாடங்கள் தெரிகின்றன. சித்திரசேனை விஷயத்தில் தவறு, இடமும் வேகமும். நெஞ்சு, அடி தாங்கும் இடமில்லை. மலயவதி விஷயத்தில் தவறு, வாங்குபவரின் உடல்நிலையைக் கேட்காதது. நரதேவன் விஷயத்தில் தவறு, தன் கை தன் கட்டுப்பாட்டில் இல்லாமலே முகத்துக்குக் குறிவைத்தது. இன்றைக்கு இதைப் பற்றி எழுதப்படும் நல்ல கையேடுகளும் இந்த மூன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

சரி, இடத்துக்கு வருவோம். வாத்ஸ்யாயனரின் பட்டியலில் தலையை முதலில் அடித்துவிடுங்கள். தலை, முகம், காது, கழுத்து எதுவும் கூடாது. காதில் விழும் ஒரு அறை செவிப்பறையைக் கிழிக்கலாம். விலாவுக்குக் கீழே, முதுகின் இரண்டு பக்கமும் சிறுநீரகம் இருக்கிறது, அங்கேயும் கூடாது. முதுகெலும்பு, வால் எலும்பு, மூட்டுகள், வயிறு எல்லாம் விலக்கு. சதை நிறைந்த பிட்டமும் தொடையின் பின்பக்கச் சதையும்தான் ஓரளவு பாதுகாப்பான இடங்கள். மேல்முதுகில் எலும்பை விட்டு, சதையுள்ள பகுதியில் மெதுவாக மட்டும். தலையைக் கொடுக்காதே, முதுகைக் கொடு என்ற அருவிக்கரை அறிவுதான், கூடக் கொஞ்சம் உடற்கூறு.

அடுத்தது சாமான். ஆப்பு, ஊசி எல்லாம் கையா கருவியா என்ற கேள்வி வெறும் உரையாசிரியர் சண்டை இல்லீங்க. கையால் அடிக்கும்போது அடிக்கிற கைக்கும் வலிக்கிறது. அளவு மீறினால் உங்கள் உள்ளங்கையே சொல்லிவிடும். கருவிக்கு அந்த உணர்ச்சி கிடையாது. அதனால் புதியவர்கள் கையில் தொடங்குவது நல்லது. பிறகு வாங்குவதென்றால் இரண்டு தன்மையைப் புரிந்துகொள்ளுங்கள். அகலமானது, கனமானது ‘தொம்’ என்று ஆழத்தில் இறங்கும். மெல்லியது, வளைவது ‘சுரீர்’ என்று மேல்தோலில் எரியும். மென்மையான தோல் வார்கள் கொண்ட ஃபிளாகர் தொடக்கத்துக்கு ஏற்றது. ஆனால் அதன் நுனிகள் உடம்பைச் சுற்றிக்கொண்டு விலாப்பக்கம் போய் அடிக்கும். முதலில் தலையணையில் பழகி, குறி நிலைத்த பிறகுதான் மனிதர். மரப் பேடில் என்றால் விளிம்பு மழுங்கலாக இருக்கணும், பிசிறு கூடாது. பிரம்பு பார்க்க எளிது, காயப்படுத்துவதில் கொடியது. அதைக் கடைசிக்கு வையுங்கள். எதை வாங்கினாலும் முதல் அடி உங்கள் சொந்தத் தொடையில்.

மெதுவாகத் தொடங்குங்கள், தோல் சூடாகட்டும். குடித்துவிட்டு வேண்டவே வேண்டாம். மது, அடிப்பவரின் குறியையும் வாங்குபவரின் வலியுணர்வையும் சேர்த்தே மழுங்கடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை நோயால் மரத்துப்போன உணர்ச்சி உள்ளவர்கள், இப்போதுதான் நோயிலிருந்து எழுந்தவர்கள் அதை முன்பே சொல்லணும். மலயவதியை நினைவில் வையுங்கள். தோல் சாமானை முழுசாகக் கிருமி நீக்க முடியாது. எனவே ரத்தம் பட்டது இன்னொருவருக்குக் கிடையாது. முடிந்த பிறகு தண்ணீர், போர்வை, பக்கத்தில் கொஞ்ச நேரம் இருத்தல். மறுநாள் ‘எப்படி இருக்க?’ என்று ஒரு கேள்வி. சிறுநீரில் ரத்தம், தலைசுற்றல், பார்வை மங்கல், குறையாத வீக்கம் என்று ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் போங்கள், நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள்.

இப்போ நான் வாத்ஸ்யாயனரோடு சண்டை போடப் போறேன். ஆபத்தை அவர் அறிந்தவர்தான். பாய்ந்தோடும் குதிரை பள்ளத்தைப் பார்ப்பதில்லை, ஆசையும் அப்படித்தான் என்கிறார். இருவரின் பலத்தையும் மென்மையையும் அறிந்து நட என்கிறார். ஆனால் அதே அத்தியாயத்தில், அடி வாங்கும் பெண் எழுப்பும் ஒலிகளைப் பட்டியலிடும்போது ‘அம்மா’, ‘விடு’, ‘போதும்’ என்ற பொருள்படும் சொற்களையும் இன்ப ஒலிகளோடு சேர்த்துவிடுகிறார். யோசிச்சுப் பாருங்க. ‘போதும்’ என்பதும் விளையாட்டின் ஓசை என்றால், உண்மையிலேயே போதும் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எந்தச் சொல் மிச்சமிருக்கிறது? சித்திரசேனை சொல்லியிருக்க மாட்டாளா?

இன்றைக்குப் பயன்படும் ‘சேஃப்வேர்ட்’ இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. அந்த நேரத்தில் வாயில் வரவே வராத ஒரு சொல்லை முன்பே பேசி வைப்பது. ‘பார்டர் பரோட்டா’ன்னு வச்சுக்கோங்க, செங்கோட்டைப் பக்கம் யாரும் மறக்க மாட்டாங்க. சொன்ன நொடி எல்லாம் நிற்கணும், ஏன் எதுக்கு கிடையாது. வாய் பேச முடியாத நிலை என்றால் கையில் ஒரு சாவிக்கொத்து, கீழே போட்டால் நிறுத்தம். புதியவர்களுக்கு இன்னும் எளிது: ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்.

சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு, 18 வயதைத் தாண்டியவர் சம்மதித்த செயலில் தீங்கு நேர்ந்தாலும், மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமோ, அது நேரக்கூடும் என்ற அறிவோ இல்லாதபோது குற்றமில்லை என்கிறது. அது தரும் உதாரணம் வாள்விளையாட்டு, படுக்கையறை இல்லை. ஆகவே இதைக் கேடயமாக நம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1993-இல் பிரபுக்கள் சபை, ஆர் எதிர் பிரவுன் வழக்கில், இத்தகைய காயங்களுக்குச் சம்மதம் தற்காப்பாகாது என்றே தீர்த்தது. நம்ம சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: அச்சத்தில் கொடுத்த சம்மதம், அது அச்சம் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தால், சம்மதமே அல்ல.

அந்தக் கடைசி வரிதான் என்னைத் திரும்ப அந்த மூன்று பெண்களிடம் கொண்டுபோகிறது. ஒருத்தி கணிகை, ஒருத்தி அரசி, ஒருத்தி நடனப்பெண். எதிரில் இருந்தவர்கள் இரண்டு அரசர்களும் ஒரு சேனாபதியும். அவர்களிடம் ‘முடியாது’ என்று சொல்ல இவர்களால் முடிந்திருக்குமா? மறுக்க முடியாதவர் தலையாட்டுவதை நாம் சம்மதம் என்று எண்ணக் கூடாது. உங்கள் வீட்டில் சம்பளம் ஒருவர் கையில், வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில், கோபத்துக்கு ஒருவர் நடுங்குகிறார் என்றால் பேடில் வாங்கும் முன் பேச வேண்டியது அதைத்தான். கோபத்தில் ஓங்கும் கை விளையாட்டு இல்லை, அது வன்முறை. பெண்களுக்கான உதவி எண் 181.

மெயின் அருவியில் ஒரு வளைவு இருக்கு, எல்லாரும் ஆர்ச்னு சொல்வாங்க. தண்ணி அதைத் தாண்டி விழுந்தா குளிக்கத் தடை. விசில் அடிச்சதும் கூட்டம் மொத்தமும் வெளியே வந்துடும். ‘இன்னும் கொஞ்ச நேரம்’னு முனகுவோம், ஆனா வந்துடுவோம். விசில் அடிச்சவர் மேல யாரும் கோவிச்சுக்கறதில்ல. தண்ணி குறைஞ்சா மறுபடி உள்ள விடுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.