காட்டின பேயும் காட்டாத பேயும்

போன லீவுக்கு அக்கா பையன் வந்திருந்தான். ப்ளஸ் டூ முடிச்சிருக்கான். பையை வைக்கிறதுக்கு முன்னாடியே 2023ல வந்த 'டெட் ஸ்பேஸ்' ரீமேக்கைப் போட்டு உட்கார்ந்துட்டான். பக்கத்துல ஒரு கிண்ணம் மிக்சர். திரையில கை தனியா, கால் தனியா பறக்குது. இவன் நிதானமா மிக்சர்ல கடலை பொறுக்கிட்டிருக்கான்.

"பயமாவே இல்லையாடா?"ன்னேன்.

"இதுல என்ன மாமா பயம், சுட்டா செத்துடும்."

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரி பரண்ல இருந்து பழைய பிளேஸ்டேஷன் 2ஐ இறக்கி, தூசி தட்டி, 'சைலன்ட் ஹில் 2' போட்டுக் கொடுத்தேன். 2001ல வந்த சாமான். ஆரம்பத்துல ஒரு பாழடைஞ்ச அடுக்குமாடிக் குடியிருப்புக்குள்ள போவோம். நடைபாதையில கம்பித் தடுப்பு. அதுக்கு அந்தப் பக்கம் சிவப்பு வெளிச்சத்துல பிரமிட் ஹெட் நிக்கும். சும்மா நிக்கும், அவ்வளவுதான். துரத்தாது, கத்தாது.

"இது எப்ப வரும் மாமா?"

"இப்ப வராது."

"அப்புறம் எதுக்கு நிக்குது?"

மிக்சர் கிண்ணம் தொடாம அப்படியே இருந்துச்சு. ஜெயிச்சுட்டோம்னு உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பு :-)

ஆனா அந்த "எதுக்கு நிக்குது?"ங்கிற கேள்வி என்னை விடலை. அதுக்குப் பதில் தேடப் போனதுதான் இந்தப் பதிவு. கொசுவர்த்தி கொஞ்சம் நீளமாவே சுத்தப் போறேன், பொறுத்துக்குங்க. சைலன்ட் ஹில் 2 இன்னும் ஆடாதவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: கதை முழுக்க வெளிய வந்துடும்.

காட்டுறதா, மறைக்கிறதாங்கிற சண்டை வீடியோ கேம் பிறக்கிறதுக்கு முன்னாடியே இருக்கு. ஆன் ராட்கிளிஃப்னு ஒரு ஆங்கில நாவலாசிரியை. அவங்க இறந்து மூணு வருஷம் கழிச்சு, 1826ல அச்சான ஒரு கட்டுரையில பயத்தை ரெண்டாப் பிரிக்கிறாங்க. ஒண்ணு, தெளிவாத் தெரியாததால வர்ற திகில். அது மனசை விரிக்கும். இன்னொண்ணு, கண்ணெதிர்ல தெரியுற கொடூரம். அது மனசைச் சுருக்கி உறைய வச்சுடும். ஏறக்குறைய 200 வருஷமா நாமளும் இதையேதான் பேசிட்டிருக்கோம்.

கேம்ல இந்த ரெண்டு கட்சியும் ஒரே மெஷின்ல, அடுத்தடுத்த வருஷத்துல வந்துச்சு. மெஷின் அட்டாரி 2600. அதோட ரேம் வெறும் 128 பைட். இந்தப் பத்தியை அதுல ஏத்தினா பாதி கூட நிக்காது. 1982ல அட்டாரியே போட்ட 'ஹான்டட் ஹவுஸ்'ல உங்க உருவமே கிடையாது. இருட்டுல ரெண்டு கண்ணு மட்டும் உருளும். தீக்குச்சி கொளுத்தினா சுத்தி கொஞ்ச இடம் தெரியும், அது அணைஞ்சா பழையபடி இருட்டு. 1983ல விஸார்ட் வீடியோங்கிற கம்பெனி 'ஹாலோவீன்' படத்தை கேமாக்கிச்சு. அதுல கொலைகாரன் வெட்டினா பொண்ணோட தலை போயிடும். கழுத்துல இருந்து சிவப்புப் புள்ளி பீச்சும். பல கடைக்காரங்க அதை வெளிப்படையா அடுக்கவே தயங்கினாங்க. நாலு சதுரமும் ஒரு சிவப்புக் கோடும் சேர்ந்து செஞ்ச வேலை இது!

அதாவது 'வசதி இல்லாததால மறைச்சாங்க, வசதி வந்ததும் காட்டினாங்க'ன்னு வரலாறு நேர்கோடாப் போகலை. 128 பைட்லயும் ரத்தம் காட்டணும்னு நினைச்சவன் காட்டியிருக்கான்.

அடுத்தது ஜப்பான். 1989ல கேப்காம் 'ஸ்வீட் ஹோம்'னு ஒரு கேம் விட்டாங்க, இயக்கம் டோகுரோ ஃபுஜிவாரா. அதுல கதவு திறக்குறதைத் தனியா ஒரு காட்சியாக் காட்டுவாங்க. அந்தக் கேமைப் புதுசா எடுக்கலாம்னு ஆரம்பிச்ச முயற்சிதான் வளைஞ்சு நெளிஞ்சு, ஷின்ஜி மிகாமி இயக்கத்துல 1996ல 'பயோஹசார்ட்' ஆச்சு. நமக்குத் தெரிஞ்ச பேர்ல சொன்னா ரெசிடென்ட் ஈவில். சிடியில இருந்து அடுத்த அறை ஏறுறதுக்கு நேரம் வேணுமில்லையா, அந்த நேரத்துல கறுப்புத் திரை நடுவுல கதவு மட்டும் மெதுவாத் திறக்கும். கீச்சுன்னு ஒரு சத்தம். லோடிங் நேரத்தையே திகிலா மாத்தின கில்லாடிங்க. நான் பயந்ததுல பாதி, அந்தக் கதவுக்குப் பின்னாடி எதுவுமே இல்லாத அறைகளுக்குத்தான்.

அதே கேம்லதான் முதல் ஜாம்பியும் வருது. யாரையோ தின்னுட்டிருக்கும், நம்ம காலடி கேட்டு மெதுவாத் தலையைத் திருப்பிப் பார்க்கும். ஜப்பான் பதிப்புல அந்த இடத்துல செத்தவரோட துண்டான தலையும் தெரியும். அமெரிக்காவுக்குப் போனப்போ அதை வெட்டிட்டாங்க. ஆனா பார்த்தவங்க இன்னைக்கும் பேசுறது அந்தத் தலை திரும்புறதைப் பத்தித்தான்.

ஏன் வெட்டினாங்கன்னா, அமெரிக்காவுல அப்ப ஊரே சூடா இருந்துச்சு. 1993 டிசம்பர்ல செனட் விசாரணை. 'மோர்ட்டல் காம்பாட்', 'நைட் ட்ராப்' ரெண்டையும் கூண்டுல ஏத்தினாங்க. அதோட விளைவா 1994ல ஈ.எஸ்.ஆர்.பி.ங்கிற தரச்சான்று அமைப்பு வந்துச்சு. நல்ல விஷயம்தான், ஆனா அதுல ஒரு வேடிக்கை. ரத்தத்தை எண்ணி லேபிள் ஒட்டலாம், ஒரு வெறும் நடைபாதைக்கு என்ன லேபிள் ஒட்டுவீங்க?

இப்ப 1999. கோனாமியோட முதல் 'சைலன்ட் ஹில்', இயக்கம் கெய்ச்சிரோ டொயாமா. முழு ஊரையும் தூரம் வரைக்கும் வரைய பிளேஸ்டேஷனுக்குத் தெம்பு இல்லை. அதனால ஊரைப் பனியால மூடிட்டாங்க. கையில ஒரு குட்டி ரேடியோ. பேய் கிட்ட வந்தா அது கரகரக்கும். எங்கே இருக்குன்னு தெரியாது, இருக்குன்னு மட்டும் தெரியும்.

முதல் பாகத்துல பனி ஒரு தட்டுப்பாடு. ரெண்டாவது பாகம் வந்த பிளேஸ்டேஷன் 2க்கு அதைவிட எவ்வளவோ தெம்பு உண்டு. இருந்தும் பனியை எடுக்கலை. தட்டுப்பாடு அங்கேதான் விருப்பமா மாறுது. அந்த வித்தியாசம் புரியணும்னா 2012ல வந்த எச்.டி. தொகுப்பைப் பார்க்கணும். முடிச்ச கேமோட மூலநிரல் கோனாமிகிட்ட இல்லாததால, முடிக்காத நிரலை வச்சு ஒப்பேத்தினாங்க. பனி பல இடத்துல மெலிஞ்சு போச்சு. மறைச்சு வச்சிருந்த ஊரோட ஓரம், வரையாம விட்ட வெற்றிடம் எல்லாம் பல்லிளிச்சுது. படம் துல்லியமாச்சு, பயம் போயிடுச்சு.

இதுவரைக்கும் படிச்சா 'மறைக்கிறதுதான் உசத்தி'ன்னு சொல்ல வர்றேன்னு தோணும். ரொம்ப வருஷம் நானும் அப்படித்தான் ஜல்லியடிச்சுட்டிருந்தேன். 2010ல வந்த ஸ்வீடன் கேம் 'அம்னீஷியா'வை உதாரணம் காட்டுவேன். அதுல தண்ணிக்குள்ள ஒண்ணு துரத்தும், உருவம் கிடையாது, காலடித் தண்ணி மட்டும் தெறிக்கும். 2014ல வந்த 'பி.டி.'யைச் சொல்லுவேன். ஒரே நடைபாதை திரும்பத் திரும்ப வரும், அதுக்கே பல பேருக்கு வேர்த்துச்சு. ரத்தம் காட்டுறவன் சோம்பேறின்னு தீர்ப்பும் சொல்லிடுவேன்.

அந்தத் தீர்ப்புதான் இந்த லீவுல உடைஞ்சுது.

சைலன்ட் ஹில் 2 கதை இதுதான். செத்துப்போன பொண்டாட்டி மேரிகிட்ட இருந்து ஜேம்ஸுக்கு ஒரு கடிதம் வருது. அவளைத் தேடி அந்த ஊருக்கு வர்றான். அந்தக் கடிதம் கேம் முழுக்க நம்ம பையிலயே இருக்கும். போகப் போக எடுத்துப் பார்த்தா எழுத்து காணாமப் போயிருக்கும். அப்புறம் உறையே இருக்காது. யாரும் சுட்டிக்காட்ட மாட்டாங்க, நீங்களா திறந்து பார்த்தாத்தான் உண்டு. மறைக்கிற கலைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனா அதே கேம் கடைசியில ஒரு ஹோட்டல் அறையில வீடியோ டேப் ஒண்ணை ஓட விடுது. நோயாளிப் பொண்டாட்டியோட முகத்துல தலகாணியை வச்சு அழுத்தினது ஜேம்ஸேதான்னு காட்டிடுது. அதுவரைக்கும் சுத்தி வளைச்ச கேம் அங்கே வளைக்கலை. அதுக்கப்புறம் ஒரு நீள நடைபாதை வருது. பேய் இல்லை, ரத்தம் இல்லை, மேரியோட குரல் மட்டும். அவன் கொண்டுவந்த பூவைத் தூக்கிட்டுப் போன்னு கத்துறா. நோயும் மருந்தும் தன் உடம்பை என்ன பண்ணிடுச்சுன்னு கத்துறா. அப்புறம் போகாதே, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுன்னு கெஞ்சுறா. உருவத்தை மறைச்சுட்டு, பேச்சுல எதையும் மறைக்காம விட்டுட்டாங்க.

மூணாம் நாள் ராத்திரி பையன் அந்த நடைபாதைக்கு வந்தான். கன்ட்ரோலரை மடியில வச்சுட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டான்:

"தாத்தாவும் இப்படித்தான் கத்துவாரா மாமா?"

எங்கப்பா 2014ல போனார். இவனுக்கு அப்ப ஆறு வயசு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலை. 'தாத்தா தூக்கத்துல சாமிகிட்ட போயிட்டார்'னு சொல்லி வச்சோம். பதினோரு வருஷமா யாரும் அதைத் திருத்தலை. நல்லதுக்குத்தான் மறைச்சோம். ஆனா இவன் அந்தக் கதவுக்குப் பின்னாடி என்னென்னவோ நினைச்சுட்டே வளர்ந்திருக்கான். மறைச்ச இடத்துலதான் பயம் வளரும்னு ஊருக்கெல்லாம் ஜல்லியடிச்ச எனக்கு, நம்ம வீட்டுலயே ஒண்ணு வளர்றது தெரியலை.

சொல்லிட்டேன். கத்துவார்டா. உரிச்சுக் கொடுத்த ஆரஞ்சைத் தட்டி விட்டார். மூஞ்சியில முழிக்காதேன்னார். நான் வெளியே போய் பெஞ்சுல உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்துல நர்ஸ் வந்து 'அப்பா கூப்பிடுறார்'னாங்க. உள்ளே போனதும் என் மணிக்கட்டைப் பிடிச்சார், விடியிற வரைக்கும் விடலை.

பையன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் "நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன் மாமா"ன்னான். என்ன மாதிரின்னு நான் கேட்கலை. அவனே எப்பவாவது சொல்லுவான்.

அந்தக் கம்பித் தடுப்புக்குப் பின்னாடி அது எதுக்கு நிக்குதுங்கிறதுக்கு எனக்குக் கிடைச்ச பதில் இதுதான்: நாம வந்து கேட்கிற வரைக்கும் அது நிக்கும். கேட்டப்புறம் காட்டத்தான் வேணும்.

லீவு முடிஞ்சு ஊருக்குக் கிளம்புறப்போ அந்தப் பழைய பிளேஸ்டேஷனை அவனே பைக்குள்ள வச்சுக்கிட்டான். நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

உங்களை மிக்சர் கிண்ணத்தைக் கீழே வைக்க வச்ச காட்சி எது? சொல்லிட்டுப் போங்க.